மேற்கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்ட பாடம்

என் செல்லத் தங்கச்சி சுபா,

உனக்கு எழுத உட்கார்ந்தால் சுகம் விசாரிக்கத்தான் முதலில் கை போகிறது. நீ கண்மூடி இரண்டு வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. இங்கே நானும் உன் மகள் ஆரணியும் சுகம். அவளுக்கு ஐந்து முடியப்போகிறது. தை பிறந்தால் பெரிய பள்ளிக்கூடம்.

சுகம் என்று எழுதிவிட்டேன், அதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. போன கிழமை தொடக்கம் என் நெஞ்சுப் படபடப்பு நிற்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். உன்னை விட்டால் எனக்கு யார்?

உன் முன்பள்ளியை இப்போது நான்தான் நடத்துகிறேன். நீ தொடங்கின செவ்வாய்க்கிழமைப் பாடத்தையும் விடவில்லை. வீட்டில் கண்ட ஒரு இடைஞ்சலைப் பிள்ளைகள் வந்து சொல்ல வேண்டும். உன் மரப்பெட்டியில் கிடக்கிற கயிறு, குறடு, கப்பி, சின்னச் சுத்தியல் இவற்றை வைத்து அவர்களே வழி தேட வேண்டும். அவர்கள் கேட்கும்வரை பெரியவர்கள் கை வைக்கக் கூடாது என்பது உன் சட்டம். செருப்பு வார் அறுந்தால் சட்டைப்பின் ஊசி குத்துகிறார்கள், நிலத்தில் இழுபடுகிற வாசற்படலையைக் கயிறு கட்டித் தூக்குகிறார்கள்.

உனக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு அந்த ஒரு மணித்தியாலமும் தீமிதிப்புத்தான். குறடு யாருடைய விரலைக் கடிக்குமோ, சுத்தியல் யாருடைய காலில் விழுமோ என்று வியர்த்துப்போய் நிற்பேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அக்கா" என்று நீ சிரிப்பாய். இப்போது சிரிக்கவும் ஆள் இல்லை.

போன செவ்வாய் நெம்புகிற பாடம். முற்றத்தில் கிடந்த உடைந்த ஆட்டுக்கல்லை ஆறு பிள்ளைகள் சேர்ந்து தள்ளியும் அது அசையவில்லை. பிறகு ஒரு பனஞ்சலாகையை அதன் அடியில் கொடுத்து, சலாகைக்குக் கீழே ஒரு சின்னக் கல்லை அண்டையாக முட்டுக் கொடுத்தோம். மற்ற நுனியை ஆரணி தனியாக அமத்தினாள். ஆட்டுக்கல் எழும்பிவிட்டது! பிள்ளைகள் கூவினார்கள், நானும் கை தட்டினேன். "எவ்வளவு பாரமெண்டாலும் அடியிலை குடுத்து நெம்பினால் எழும்பும்" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

வியாழக்கிழமை பின்னேரம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆரணியின் சத்தத்தைக் காணவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் எங்கேயோ ஏதோ செய்கிறது என்று அர்த்தம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பக்கத்து வளவு ஜெசிந்தா அக்காவின், கடலில் எடுத்த முருகைக்கல் மதில் உனக்குத் தெரியும். நெடுந்தீவு மதில்கள் எல்லாவற்றையும் போலத்தான் அதுவும். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லுக்கு மேல் கல்லாக ஒன்றின் பாரத்தில் மற்றது நிற்கிறது. அதன் அடியில் ஒரு பொந்துக்குள் ஆட்டுக்குட்டி ஒன்று தலையை விட்டு மாட்டிக்கொண்டு கத்தியது. பக்கத்தில் ஆரணி குந்தியிருந்தாள். அடிக்கல்லுக்குக் கீழே சலாகை, சலாகைக்குக் கீழே அண்டைக்கல், எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடி. ஒரு பிழையும் விடாமல் அமத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே, அவளைவிட உயரமாக, மதில் வயிறு தள்ளத் தொடங்கியிருந்தது.

சுபா, கத்தவும் ஏலாது, விடவும் ஏலாது. கத்தினால் திடுக்கிட்டுச் சலாகையை விடுவாள், கல் இறங்கும். கத்தாவிட்டால் இன்னும் அமத்துவாள். நீ என்றால் என்ன செய்திருப்பாய்?

"ஆரணி, குஞ்சு, இஞ்சை வா" என்றேன்.

"பொறுங்கோ பெரியம்மா, கல்லு எழும்புது."

ஓம், எழும்பியது. ஆட்டுக்குட்டி தலையை உருவிக்கொண்டு ஓடியது. நான் பாய்ந்து ஆரணியை இடுப்பில் பிடித்து இழுத்தேன். நாங்கள் இருவரும் மண்ணில் விழுந்த பிறகுதான் மதில் சரிந்த சத்தம் கேட்டது. தூசி அடங்கியபோது சலாகை தெரியவில்லை. அவள் குந்தியிருந்த இடமும் தெரியவில்லை.

அன்று சோளகக் காற்று உரத்து வீசியது. அக்கரைக் குறிகட்டுவானுக்குப் படகு ஓடவில்லை. ஒரு கல் அவள் தலையில் விழுந்திருந்தால் எப்படிக் கடல் கடந்திருப்பேன்? உன்னைக் கொண்டுபோன படகில் உன் தலை என் மடியில்தான் கிடந்தது.

பிறகு நான் செய்ததை உனக்கு மறைக்க ஏலாது. அவளை அடித்தேன்.

"ஏன் உதைச் செய்தனீ?"

"நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."

அதற்கும் ஒரு அடி போட்டேன். பிள்ளை உண்மையைத்தான் சொன்னாள். நெம்புவதற்கு முன் மேலே என்ன இருக்கிறதென்று பார்க்கச் சொல்லாமல் விட்டவள் நான். முற்றத்து ஆட்டுக்கல்லுக்கு மேலே வானம்தானே இருந்தது, எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

சத்தம் கேட்டு ஜெசிந்தா அக்கா ஓடிவந்தா. அவவின் கடைக்குட்டியும் எங்கள் முன்பள்ளியில்தான் படிக்கிறாள். "அடியாத மாடு படியாதுதான் ரீச்சர், ஆனால் முதல் உந்தப் பெட்டியைப் பூட்டுங்கோ. எங்கட பிள்ளையளுக்கு உது வேண்டாம்" என்றா. அன்றே பூட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பூட்டியபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, கிணற்றடியில் குளிக்க வார்த்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடியே நின்றாள். பிடித்து இழுத்துப் பார்த்தேன். சுட்டுவிரலில் ஒரு சீலைத்துண்டு. தானே சுற்றி, நூல் கட்டி, பல்லால் முடிச்சை இறுக்கியிருக்கிறாள். அவிழ்த்தால் நகம் நீலமாகி, ஓரம் பழுத்திருந்தது. மதிலடியில் நசுங்கின விரல். மூன்று நாளாக நான் அவள் வாயில் சோறு தீத்தியிருக்கிறேன், சீப்பால் தலை இழுத்திருக்கிறேன், காணவில்லை.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் பயப்பிடுவியள்."

வயிற்றுக்குத்தை மூன்று நாள் ஏன் மறைத்தாய் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைக் கேட்டபோது நீயும் இதைத்தானே சொன்னாய்? "நீ பயப்பிடுவாய், அக்கா." முந்தியே கொண்டுவந்திருக்கலாமே என்று டொக்டர் கேட்டார். அதை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. என் பயம் உங்களைக் காக்கிறது என்று நினைத்திருந்தேன். அது உங்கள் இரண்டு பேரின் வாயையும் கட்டிப்போட்டிருக்கிறது. மதிலை விட இதற்குத்தான் இப்போது அதிகம் பயப்படுகிறேன்.

விரலுக்கு இங்குள்ள சின்ன ஆஸ்பத்திரியில் கழுவி மருந்து கட்டினார்கள். நகம் விழுந்து முளைக்குமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். என்னிடம் போய் அதைச் சொல்கிறார்கள்!

இன்று காலை ஜெசிந்தா அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மதிலைத் திருப்பி அடுக்கித் தருகிறோம் என்றேன்.

"ஆரைக் கொண்டு? பிள்ளையளைக் கொண்டோ?"

"ஓம் அக்கா. பெரிய கல்லுகளை நாங்கள் தூக்குவம், சின்னக் கல்லுகளை அவையள் எடுத்துத் தரட்டும். சரிஞ்ச பக்கத்துக்குக் கிட்ட ஒருத்தரையும் விடமாட்டன்."

மதில் சரிந்த இடத்தைப் போய்ப் பார்த்தா. பிறகு "அப்ப நானும் வந்து நிக்கிறன்" என்றா.

நாளை செவ்வாய். மதிலில் ஒரு கல்லைத் தொட்டுக் காட்டி, இதற்கு மேலே என்ன இருக்கிறது, இதை எடுத்தால் எது விழும் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பேன். அவர்கள் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். பயம் வரத்தான் போகிறது. வரட்டும்.

இனிப் பயப்பட மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய ஏலாது, சுபா. ஆரணிக்கு ஒரு காயமும் வராது என்றும் சொல்ல ஏலாது, அவள் உன் மகள். ஒன்றுக்குத்தான் வாக்குத் தருகிறேன். அவளுக்கு எங்கே நொந்தாலும் முதலில் ஓடிவருகிற ஆளாக நான் இருப்பேன். வந்தால் கத்தமாட்டேன். கத்தினாலும் அடிக்கமாட்டேன்.

நேற்று மருந்து கட்டிக்கொண்டு வந்து இதை அவளுக்கும் சொன்னேன். அவள் மெல்லச் செருப்பைக் கழற்றி வலது காலை என் மடியில் தூக்கி வைத்தாள். குதியில் ஒரு முள், எத்தனை நாளாக இருக்கிறதோ தெரியாது.

நான் கத்தவில்லை.

ஆரணியின் பெரியம்மா,
உன் பயந்தாங்கொள்ளி அக்கா