புதன்கிழமையானால் வேறு பெட்டி

நேற்று கண்ணாடி மாற்றத் தாம்பரம் போய்விட்டு மின்சார ரயிலில் செங்கல்பட்டு திரும்பிக்கொண்டிருந்தேன். மகளிர் பெட்டியில் கொய்யாக்காய் விற்பவள் ஏறினாள். நறுக்கிய காயில் மிளகாய்த்தூள் தூவிய அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம்தான் வந்தது எனக்கு. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. இப்படியா ஒரு சிநேகிதி சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் இறங்கிப் போவாள்?

நம் ரயில் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நான் துணிக்கடை, நீ வக்கீல் ஆபீஸ், மற்றவர்கள் ஆளுக்கொரு வேலை. முதலில் ஏறுகிறவள் கைக்குட்டை போட்டு எல்லாருக்கும் இடம் பிடிப்பாள். வளைகாப்பு, ஆயுத பூஜை, எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி எல்லாம் அந்தப் பெட்டியிலேயே நடந்தது. நீ மட்டும் புதன்கிழமையானால் எங்களைத் தாண்டிப்போய் வேறு பெட்டியில் ஏறிக்கொள்வாய்.

"நம்ம மேல கோச்சிக்கினா போல கீது" என்று கூட்டம் முடிவு கட்டியது. கடைசி வளைகாப்பில் உனக்கு வளையல் கொடுக்க விட்டுப்போனதுதான் காரணம் என்றாள் ஒருத்தி. சமாதானத்துக்குக் கேசரி கிண்டி, டப்பாவும் கையுமாகச் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி ஓடி உன் பெட்டியில் ஏறினோம். நீ ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாய். கையில் போன்கூட இல்லை. டப்பாவை வாங்கி நிதானமாகச் சாப்பிட்டாய்.

"கேசரி நல்லாகீது. அடுத்த ஸ்டேஷன்ல எல்லாரும் உங்க பொட்டிக்குப் போயிடுங்க."

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று கத்தினேன்.

"ஒண்ணியும் ஆவல. வூட்ல மாமியாரு, மூணு புள்ளைங்க, அவரு. ஆபீஸ்ல அத்தினி பேரு. ரயில்ல நீங்க. வாரத்துல ஒரு நாளாவது என்கூட நான் வர வேணாமா?"

எனக்கு விளங்கவில்லை. பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பது தண்டனை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எப்போதாவது நீ தனியாக மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். "வா. ஆனா வாயத் தொறக்கக் கூடாது" என்றாய். மணலில் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாய். நான் அலையைப் பற்றிச் சொன்னேன், வெயிலைப் பற்றிச் சொன்னேன், என் நாத்தனாரைப் பற்றிச் சொன்னேன். நீ எழுந்துபோய் வறுத்த சங்கரா மீன் வாங்கிவந்து என் கையில் திணித்தாய்.

"முள்ளு பாத்துத் துன்னு. பேசிக்கினே துன்னா தொண்டையில மாட்டிக்கும்."

மீன் தீரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்போது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது பார், அதைச் சொல்ல உன் பக்கம் திரும்பினேன். நீ கண்ணாலேயே அடக்கிவிட்டாய்.

இந்த வருஷம் என் வீட்டுக்காரர் மௌத்தானார். புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாச இத்தா முடியும்வரை நான் வெளியே போகக் கூடாது. தனியாக விடவும் கூடாது என்று சொந்தக்காரப் பெண்கள் முறைவைத்து வந்து தங்கினார்கள். பாசம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளிக்கப் போனாலும் ஒருத்தி கதவைத் தட்டி, "இன்னாக்கா, உள்ள கீறியா?" என்பாள். அவருக்காக அழக்கூட எனக்கு இடம் கிடைக்கவில்லை. எல்லாரும் கிளம்பிப்போன அன்று கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டு அழுதேன். பிறகு ஒரு டீ போட்டுக் குடித்தேன். அந்த டீ எவ்வளவு ருசியாக இருந்தது என்று வேறு யாரிடம் சொன்னாலும் என்னைத் திட்டுவார்கள்.

இன்று காலை கேளம்பாக்கத்திலிருந்து மகள் வந்தாள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டு, என்னைத் தன் ஃபிளாட்டுக்கே கூட்டிப்போவது என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். பெட்டியைத் திறந்து என் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"தனியா கெடந்து இன்னாம்மா பண்ணப் போற?"

"கெடக்கலடி. நல்லாத்தான் இருக்கேன்."

"ஒடம்புக்கு ஒண்ணுன்னா?"

"போன் பண்றேன். பக்கத்து வூட்ல ஒரு சாவி கீது. வெள்ளிக்கெழம வரேன், புள்ளைங்களோட இருக்கேன், ஞாயித்துக்கெழம திரும்பிடுவேன். இந்த வூட்ட வுட மாட்டேன்."

நீ பார்த்திருக்க வேண்டும்! உன் புதன்கிழமைகளைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவளுக்கும் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை வேறு. புடவைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்:

"ம்மா, புள்ளைங்கள அவரு பாத்துக்கினு கீறாரு. சாயங்காலம் வரைக்கும் இந்த வூட்ல நான் மட்டும் இருக்கட்டுமா?"

பர்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினேன். பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் வண்டி புறப்பட இருந்தது, ஏறிவிட்டேன். இதைக் கடற்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிட்டாளா என்று போன் பண்ணிக் கேட்கக் கை பரபரக்கிறது. பெற்ற மனசு, அப்படித்தான் இருக்கும். கேட்கப் போவதில்லை. ஒருத்தியை அவள் பாட்டுக்கு விட்டுவைக்க உன்னிடம்தான் கற்றேன், இன்று என் மகளுக்கு அதைக் கொடுத்திருக்கிறேன்.