நண்டு வாடிக்கு ஒரு கிளவுட்

மார்ச் 6, வியாழன்

காலையிலேயே வெயில் சுட்டது. கடல் அமைதி. நண்டு வரத்து நல்லது. ஐஸ்தான் போதாமல் போய்விட்டது.

கொழும்புக் கொம்பனி மிஸ்ஸின் அழைப்பு, போன மாதம் எழுதி அனுப்பிய பட்டியல் என்னவாயிற்று என்று. அடுத்த வியாழன் வருகிறாராம். ஒவ்வொரு பெட்டி நண்டும் எந்த வள்ளம், எந்தக் கரை, எப்போது ஐஸில் இட்டது, எல்லாவற்றையும் அவர் கொழும்பிலிருந்தே திறந்து பார்க்க வேண்டும். முடியாவிட்டால் சிலாவத்துறையில் எடுப்பதை நிறுத்திவிட்டு வேறு இடம் பார்ப்பார்களாம். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்களிடம் நண்டு எடுக்கும் ஒரே கொம்பனி அது. போனால் நண்டு வாங்கி, உரித்து, ஐஸில் போடுகிற இந்த வாடியைப் பூட்ட வேண்டியதுதான். நண்டு உரிக்கிற பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு.

இரவுச் சாப்பாட்டில் சண்டை. தம்பி ஃபர்ஹான் கொழும்பில் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்தவன். வாயில் எப்போதும் கிளவுட்.

"பப்ளிக் கிளவுட்தான் சரி ராத்தா. பெரிய கொம்பனிட மெசினில எங்கட தரவு இருக்கும். இஞ்ச கரண்ட் போனாலும் அது நிக்காது."

வாப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "எங்கட சாமான் ஆரோ ஒருத்தன்ட வீட்டில கிடக்கிறதோ? வாடியிலயே ஒரு மெசின் வாங்கி வை. பூட்டித் திறப்ப நான் வச்சிருக்கிறன்."

"அது பிரைவட் கிளவுட் வாப்பா. பழுதாப் போனா ஆர் பாக்கிற?"

"நீதான். பிறகென்னத்துக்குப் படிச்சனீ?"

யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாவியை, அந்தத் திறப்பை, ஒருவரிடம் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவர் வாப்பா. திரும்பி வந்தபோது சுவர் மட்டும் இருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் எல்லாப் பேச்சும் அந்தத் திறப்பில் வந்து முடிந்தால் நான் என்ன செய்வது?

மூன்றாவது வழியும் உண்டாம். ஹைபிரிட். கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே. "வேலை கூட. ஒரு கிழமையில ஏலாது" என்றான். பேச்சு அங்கேயே நின்றது.

வாங்க: கையுறை, பெட்டி மூடி, உம்மாவின் மருந்து.

மார்ச் 7, வெள்ளி

வள்ளங்கள் இறங்காத நாள். வாடி கழுவி விட்டாயிற்று. நல்ல வெயில், எல்லாம் காய்ந்தது.

வேலையில்லாத நாள் என்று ஃபர்ஹான் காலையிலேயே உட்கார்ந்து பப்ளிக் கிளவுட்டில் ஒன்றைச் செய்து பார்த்தான். உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது. என் ஃபோனிலேயே திறந்தது. வள்ளம், ஆளின் பெயர், கரை, நேரம். வாப்பா கூட எட்டிப் பார்த்தார். பார்க்காத மாதிரி.

ஜும்ஆவுக்குப் போகும்போது வள்ளக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பெயர் சரியா என்று பார்க்கச் சொல்லி. தொழுகை முடிந்து எல்லாரும் வீட்டில், கையில் ஃபோன். குரூப் முழுக்கக் கட்டைவிரல்.

"நல்ல காரியம் தம்பி" என்று ஒருவர். "மாஷா அல்லாஹ்" என்று நாலு பேர்.

நானும் சந்தோஷப்பட்டேன். புரியாணி கூட நன்றாக வந்தது.

மார்ச் 8, சனி

அல்லாஹ்வே.

ரவூஃப் காக்கா விடிந்ததும் வாடிக்கு வந்தார். பெட்டியில் நண்டு இல்லை. கையில் அறுந்த வலை.

வள்ளக்காரர்களில் அவர்தான் எங்களுக்கு மிகக் கூடுதலாக நண்டு போடுகிறவர், எனக்கு அண்ணன் முறை. இந்தக் கரையில் எவரும் எவரிடமும் எங்கே வலை போட்டாய் என்று கேட்பதில்லை. கேட்டாலும் "அங்கால" என்பதுதான் பதில், கடல் பக்கம் ஒரு கையசைப்பு. கூடப் பிறந்தவனுக்கும் அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் போன மாதம், வலை போடும் இடம் பதிந்த தன் ஜி.பி.எஸ்ஸை ஃபர்ஹானிடம் கொடுத்தார். வாப்பா வாக்குக் கொடுத்ததால். கொழும்புக்கு மட்டும்தான், வேறு ஒரு கண்ணும் படாது என்று.

அந்த இடமும் அதே லிங்க்கில் இருந்திருக்கிறது. அடுத்த பக்கத்தில்.

இன்று அவர் போய்ச் சேரும் முன்பே அவருடைய இடத்தைச் சுற்றி மற்றவர்களின் வலை மிதப்புகள். வலைக்கு மேல் வலை விழுந்து, அவருடையது சிக்கி அறுந்துவிட்டது.

சத்தம் போடவில்லை. "உங்கட வாயை நம்பித்தான் ஹாஜி தந்தனான்" என்றார் வாப்பாவிடம். அவ்வளவுதான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருடைய மச்சான்மாரின் இரண்டு வள்ளமும் இன்று எங்களிடம் நண்டு போடவில்லை. மறிச்சுக்கட்டிப் பக்கம் வேறொருவருக்குக் கொடுத்ததாகக் கேள்வி. அந்த இடத்துக்குப் போனவர்களும் வரவில்லை. எந்த முகத்தோடு வருவார்கள்?

ஃபர்ஹான் வெளிறிப்போய் நின்றான். "வேற பக்கத்திலதானே வச்சனான் ராத்தா. அதுவும் திறக்கும் எண்டு யோசிக்கேல்ல."

"யோசிக்கேல்ல! உன்ட படிப்பும் நீயும்!" கத்திவிட்டேன். உரிக்கிற பெண்கள் முன்னால். பிறகு மனம் கேட்கவில்லை. அவனும் சாப்பிடவில்லை, நானும் இல்லை.

வாப்பா: "பாத்தியோ? நாளைக்கே மெசின் வாங்கு."

மார்ச் 10, திங்கள்

புழுக்கம். காற்றே இல்லை.

மன்னார் டவுனிலிருந்து மெசின் வந்தது. ஆரோ பாவித்த பழையது. ஐஸ் அறைக்குப் பக்கத்து அறையில் வைத்து, மின்விசிறி பூட்டி, கதவுக்குப் புதுப் பூட்டு. ஃபர்ஹான் பப்ளிக்கில் இருந்ததையெல்லாம் இதற்கு மாற்றி, மிஸ்ஸுக்குப் புது லிங்க் அனுப்பினான். திறப்பு வாப்பாவின் இடுப்பில். முகத்தில் சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் கொஞ்சம் வெளிச்சம்.

மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஒன்றுதான். அது ஐஸ் அறைக்கே மட்டுமட்டு. அந்த நேரம் பார்த்து மிஸ்ஸின் அழைப்பு.

"ஓபன் ஆகுதில்லையே. என்ன பிரச்சினை?"

வாப்பாவைப் பார்த்தேன். ஐஸா, மெசினா? அவர் ஐஸ் அறையைக் காட்டிவிட்டு வெளியே போனார். வேறென்ன காட்டுவார்? இருக்கிற கொஞ்ச நண்டும் கெட்டால் எந்தக் கிளவுட்டில் எழுதி என்ன பிரயோசனம்.

மிஸ்ஸிடம் நாளைக்குச் சரியாகும் என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

தலை வெடிக்கிறது. இரண்டு பேரும் எங்கே வைப்பது என்றுதான் சண்டை பிடிக்கிறார்கள். எதை வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

மிஸ் அனுப்பியதை முதலிலிருந்து வாசித்தேன். வள்ளம். கரை. ஐஸ் நேரம். முடிந்தது. வலை போட்ட இடத்தை அவர்கள் கேட்கவேயில்லை! எங்கள் கெட்டிக்காரன் தானாகப் போய் வாங்கி வைத்திருக்கிறான்.

ஃபர்ஹானை இருத்தி வைத்துச் சொன்னேன்.
மேலே, பப்ளிக்கில்: கொழும்பு கேட்டது மட்டும். மிஸ்ஸுக்கும் எங்களுக்கும் மட்டும் திறக்கும்.
இங்கே, மெசினில்: பெண்களின் சம்பளம், அடையாள அட்டை. கரண்ட் போனால் போகட்டும், அது ஒருவருக்கும் அவசரமில்லை.
எங்கேயும் இல்லை: இடம்.

"அப்ப ஹைபிரிட்" என்றான். ஓம், என்ன பெயரோ வை.

இடத்தை அழித்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அழிச்சது ரவூஃப் காக்காக்கு எப்பிடித் தெரியும்?"

நாளைக்குப் போய் அவரைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

வாப்பாவும் நானும் ரவூஃப் காக்கா வீட்டுக்கு. போட்டுத் தந்த கதிரையில் இருக்க மாட்டேன் என்று வாப்பா நின்றார்.

"நான் தந்த வாக்கு. மாப்புத் தாங்கோ ரவூஃப்."

காக்கா அறுந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். "போன இடம் போனதுதான் ஹாஜி. நண்டு வேற இடம் போகும், நானும் போவன்."

"நாளைக்குக் கொழும்பு வருது" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. வாப்பா முறைத்தார்.

காக்கா வாறன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டன் என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி மட்டும் தந்தார். அதை என்னவென்று எடுப்பது?

மார்ச் 13, வியாழன்

கொம்பனி வான் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. மிஸ் கதிரையில் இருந்து ஃபோனில் திறந்தார். திறந்தது. நடுவில் கரண்ட் போனது. அப்போதும் திறந்தது. ஃபர்ஹான் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"வெரி குட். எல்லாம் வடிவா இருக்கு." பிறகு காலிப் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். "நண்டு எங்க?"

வாப்பா வாசலில் நின்று கரையையே பார்த்தார். நான் "வரும் மிஸ்" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் கரைக்கு வந்தது ரவூஃப் காக்காவின் வள்ளம். அவர் மட்டும். மச்சான்மாரின் வள்ளங்கள் ஆழத்திலேயே நின்றன.

பெட்டியைத் தராசில் வைத்தார். நிறைய நண்டு. நான் மடிக்கணினியில் பதிந்தேன். வள்ளம், கரை, நேரம். அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, இன்று வலை போட்ட இடத்தைச் சொன்னார். கடலுக்கடியில் எந்தப் பாறை, எந்தப் பார், எவ்வளவு ஆழம், எல்லாம்.

விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பதியேல்லயோ தங்கச்சி?"

"அதுக்கு இதில இடமில்ல காக்கா."

திரையில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், கடலைப் பார்த்துக் கையை உயர்த்தி, மச்சான்மாரை வரச்சொல்லிக் காட்டினார்.