கொட்டாங்குச்சிக் கரியும் என் முன்பல்லும்

அண்ணே,

இன்று காலை தண்ணீர் மெஷின் பார்க்க வந்தவன், பழைய ஃபில்டரை உடைத்து உள்ளே இருந்த கரியை என் வாசலில் கொட்டினான். சட்டையைப் பிடித்துவிட்டேன். "இன்னா ஆயா, வெறும் கரிதான? இதுக்குப் போயி பேஜார் பண்ற!" என்றான். வெறும் கரியாம்! நீ உயிரோடு இருந்திருந்தால் அவன் பல் ஒன்றாவது கீழே விழுந்திருக்கும். கூடப் பிறந்தவள் பல்லையே விடாதவன் ஆயிற்றே நீ.

மானாம்பதிப் பக்கம், நம் காலனிக் கிணற்றுக்கு மேலண்டை தோல் பதனிடும் ஷெட் வந்து, அதன் கழிவு வாய்க்கால் நம் பக்கம் ஓடிய பிறகுதான் தண்ணீர் மஞ்சளாக ஊறியது. குரோம் மருந்து என்றார்கள். எல்லாருக்கும் கை கால் புண். அண்ணிக்கோ வயிற்றில் பிள்ளை. "இந்தத் தண்ணிய குடிச்சா என் புள்ள தங்குமாடா?" என்று ஷெட் மேஸ்திரியை நீ அறைந்தாய். அவன் ஆட்கள் உன்னைக் கட்டிவைத்து அடித்தார்கள். "தண்ணி சுத்தமா கீது, நானே குடிப்பேன்" என்று அவன் ஊர் நடுவே மார் தட்டினான். வேறு கிணற்றில் நம்மை யார் விட்டார்கள்?

பட்டாளத்தில் விஷப்புகை முகமூடிக்குள் கொட்டாங்குச்சிக் கரி இருந்ததைப் பார்த்தவன் நீ. வீங்கிய முகத்தோடு கொட்டாங்குச்சி பொறுக்கினாய். பானையில் அடைத்து, வாயைக் களிமண்ணால் பூசிச் சுட்டாய். தணலாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து, ஆறியதும் இடித்து, மணலோடு பானையில் அடுக்கினாய். மேலே ஊற்றிய மஞ்சள் தண்ணீர் கீழே வெளுத்துச் சொட்டியது. "மொதல்ல நா குடிக்கிறேன். நா செத்தா யாரும் குடிக்காதீங்க" என்றாய். நீ சாகவில்லை. காலனியே குடித்தது.

நம் ஊரில் கரியை யார் வீணாக்குவார்கள்? நீ பானை மாற்றிக் கொட்டிய பழைய கரியில் ஒரு சிட்டிகை எடுத்து, வழக்கம்போலப் பல் விளக்கப் போனேன். விரல் வாய்க்குப் போகுமுன் உன் கை விழுந்தது. முன்பல் மண்ணில் கிடந்தது, வாயெல்லாம் ரத்தம். அம்மா துடைப்பத்தால் உன்னை விளாசினாள். அடி வாங்கிக்கொண்டே கத்தினாய்: "தண்ணில இருந்த வெஷம் எங்கடி போச்சி? அல்லாம் இந்தக் கரிலதான் கீது!"

அந்தக் கரியைப் புதைக்க நீ குழி வெட்டிக்கொண்டிருந்தபோதே மேஸ்திரி தடியாட்களோடு வந்துவிட்டான். நாம் வடிகட்டிக் குடித்தால் ஷெட் தண்ணீர் கெட்டது என்று ஆகிவிடுமாம். பானைகளை உதைத்து நொறுக்கினார்கள். குறுக்கே வந்த அண்ணியைப் பிடித்துத் தள்ளினார்கள். அவ்வளவுதான், நீ மேஸ்திரியைச் சாய்த்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாய். தடிகள் உன் முதுகில் இறங்க இறங்க, அந்தப் பழைய கரியை அள்ளி அவன் வாயில் திணித்தாய்.

"உன் தண்ணிதான் சுத்தமாச்சே! அத வடிச்ச கரிதான் இது, துண்ணுடா! வெளக்குடா பல்ல!"

"ஐயோ, வெஷம்! வெஷம்டா!" என்று அலறித் துப்பினான் அவன்.

தடிகள் அப்படியே நின்றன. காலனி மொத்தமும் அதைக் கேட்டது. கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போய், கழிவு வரும் வாய்க்காலை மண்போட்டு அடைத்தோம். தடுத்தவனையும் அடித்தோம். கழிவு ஷெட்டுக்குள்ளேயே ஏறியது. உடைந்த விலாவோடு உன்னை ஜெயிலுக்கு இழுத்துப் போனார்கள். நீ திரும்பியபோது உன் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான்.

அந்த மகன்தான் இப்போது, "அத்தே, பல்லு கட்டிக்கோ" என்று நச்சரிக்கிறான். "கம்முனு கெடடா" என்று விரட்டுகிறேன். இன்று அந்த மெஷின்காரனை விட்டே குழி வெட்டிக் கரியைப் புதைக்கவைத்தேன். தினமும் பல் விளக்கும்போது விரல் அந்த ஓட்டையில் தட்டுகிறது. பாவி, அப்படியா அடிப்பாய் என்று உன்னைத் திட்டுகிறேன். திட்டிவிட்டுத்தான் வாய் கொப்பளிக்கிறேன், அண்ணே.