நல்லினியின் ஆறு முழப் பள்ளியறை குறித்து மாளிகை நாயகத்துக்கு

வெயிலும் மழையும் முறை தவறாது வருக. நெடுவரை நாட்டின் கோல் நேராய் நிற்க. அக்கோல் ஏந்திய மன்னர் பெருநற்சேந்தர் நெடிது வாழ்க. அன்னார் திருக்கையால் கணையாழி பெற்று, கருங்குன்றக் கோட்டையையும் அதனுள் உள்ள உயிர்களையும் காத்து நிற்கும் கோட்டைத் தலைவன், கல்லுடைப்போர் குடியிற் பிறந்த பாறையூர்க் கொற்றன், தலைநகரின் மாளிகை நாயகமும் அரச குடும்பத்துப் பள்ளியறைகள் அனைத்துக்கும் அதிகாரியுமான விரையூர் விடங்கனாருக்கு விடுக்கும் ஓலை. உம் மனையும் மக்களும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன். இந்த வாழ்த்து மெய்யானது. இதன்பின் வருவனவும் மெய்யே என்று கொள்க.

உம் ஓலை வந்தது. சிங்கக்கால் கட்டிலை அறுத்தேன் என்றும், நீர் அனுப்பிய அணிப்பொருள்களைக் கிடங்கில் போட்டேன் என்றும், வேற்று நாட்டு அரசன் மகளை வில்லாளி நிற்கும் பொந்தில் படுக்கவைத்தேன் என்றும் அதில் கண்டிருக்கிறீர். மூன்றும் செய்தேன். மறுக்கவில்லை. முழுமதி நாளில் வெண்திரை நாட்டுத் தூதர் குழந்தையைக் காண வருமுன் அறையைப் பழையபடி ஆக்கவேண்டும், இல்லையேல் அவளைச் சித்திர மண்டபத்துக்கு மாற்றவேண்டும் என்று ஆணையும் இட்டிருக்கிறீர். அதைப் படித்தபோது எனக்கு வந்த சினத்தை எழுத்தன் மென்மையாக்கி எழுதட்டுமா என்று கேட்டான். கூடாது என்றேன். சொன்னபடி எழுதுகிறான்.

முதலில் உம் கணக்கன் செய்ததைக் கேளும். வெண்திரை மன்னரோடு நம் மன்னர் செய்துகொண்ட உடன்படிக்கையின் பிணையாக, அவர் மகள் நல்லினி, ஆறு வயதுக் குழந்தை, மூன்றாண்டு நம்மிடம் இருக்க வருகிறாள் என்றதும், வடகோபுரத்து மேலறையை அவளுக்கு ஒதுக்குமாறு மன்னர் பணித்தார். அவளுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் மறுநாளே போர் மூளும், அதில் ஆதாயம் காண்போர் இரு நாட்டிலும் உண்டு. அந்த அறைக்கு ஒரே வாயில் என்பதால் அதைத் தேர்ந்தார். அதுவரை அது வில் அடுக்கும் அறை. அதை அளக்க நீர் அனுப்பிய கணக்கன் உள்ளே தூசி என்று தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். கோபுரத்தின் புறச்சுவரைச் சுற்றிக் கயிறு பிடித்தான். பன்னிரண்டு முழ நீளம், பத்து முழ அகலம் என்று எழுதிக்கொண்டு போனான்.

ஐயா, அந்தச் சுவர் மூன்று முழக் கனம். அதன் ஒவ்வொரு கல்லும் என் தாய் தந்தையர் தலையில் ஏறி வந்தது. எனக்குத் தெரியாதா? உள்ளே மிஞ்சுவது ஆறு முழ நீளம், நான்கு முழ அகலம். சுவரையும் அறையென்று கணக்கில் சேர்த்தவன் உம்மிடம் இன்னும் பணியில் இருக்கிறானாம். இருக்கட்டும். அவன் அளவை நம்பி நீர் செய்வித்த கட்டில் ஐந்து முழ நீளமும் நான்கு முழ அகலமும் ஆயிற்றே, அதைச் சொல்லும். துண்டு துண்டாய் ஏற்றி உள்ளே வைத்துப் பொருத்தினார்கள். பொருத்தி முடித்த தச்சன் நெடுங்கிள்ளி வெளியே வர வழியில்லாமல் கட்டிலுக்கடியில் தவழ்ந்து வந்தான். கழற்றி வைத்திருந்த, உள்நோக்கித் திறக்கும் கதவைத் திரும்ப மாட்டியதும் அது கட்டிலில் முட்டி ஒரு சாண் மட்டுமே திறந்தது. இருந்த ஒரே சாளரத்தை நீர் அனுப்பிய பொன்வேலைத் திரை மூடிக்கொண்டது. வெண்கல மயில் இரண்டும் ஆள் உயர விளக்கும் தந்தப் பேழையும் கட்டிலின் மேலேயே நின்றன. வேறெங்கே நிற்கும்?

குழந்தை அந்தச் சாண் இடைவெளியில் பூனைபோல் நுழைந்தாள். அவளை வளர்த்த செவிலி மருதியால் நுழைய முடியவில்லை. அவள் ஊரில் நல்ல மீன் தின்று வளர்ந்த பெண்பிள்ளை, ஒரு சாணில் அடங்கமாட்டாள். ஒன்பது நாள் அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே நீட்டிச் சோற்றுருண்டை கொடுத்தாள். தாய் தந்தையரைப் பிரிந்து, மொழியும் காற்றும் வேறான ஊரில், மயில்களுக்கு நடுவே தனியே கிடந்த பிள்ளை ஐந்தாம் நாளிலிருந்து உண்ண மறுத்தது. அழுகையும் நின்றுபோயிற்று. அழுகை நின்றதுதான் என்னை அச்சுறுத்தியது.

பத்தாம் நாள் காலை நான் மேலே ஏறினேன். கட்டிலைச் சிறிதாக்கு என்று நெடுங்கிள்ளியிடம் சொன்னேன். அரச முத்திரை குத்திய மரத்தை அறுத்தால் தன் கை போய்விடும் என்று அவன் பின்வாங்கினான். அதுகேட்ட மருதி, கட்டிலை அறுக்கப் பயமென்றால் தன்னை இரண்டாய் அறுத்து ஒரு பாதியையாவது உள்ளே வைக்கட்டும் என்றும், எந்தப் பாதி என்பதைத் தலைவரே சொல்லட்டும் என்றும் உரைத்தாள். கதவுக்கு அப்பால் குழந்தை சிரித்தது. எங்கள் கோட்டையில் அவள் சிரித்தது அதுவே முதல் முறை. தச்சனிடமிருந்து ஈர்வாளை வாங்கினேன். கதவைக் கழற்றி உள்ளே புகுந்தேன். சிங்கக்கால்கள் நான்கையும் நானே அறுத்தேன், அவன் கை தப்பிற்று. குற்றம் என்றால் என் கையைக் கேளும்.

நான் பிறந்த குடிசை இதைவிடச் சிறிது. அதில் ஏழு பேர் இருந்தோம். உளி, கூடை, சோற்றுப்பானை, தம்பியின் தூளி எல்லாம் சுவரிலும் கூரையிலும் தொங்கும். தரையில் ஆட்கள் மட்டும்தான். அதே வழியை இங்கும் செய்தேன். கல் இடுக்குகளில் முளையடித்து அவள் உடைகளையும் கூடையையும் தொங்கவிட்டேன். கழற்றிய கதவை வெளிநோக்கித் திறக்குமாறு மாட்டினேன். அது சகுனத்துக்கு ஆகாது என்று எழுதியிருக்கிறீர். குழந்தை பட்டினி கிடப்பது எந்தச் சகுனத்தில் சேரும்?

படுக்கைக்கு இடம் எங்கே என்பதுதான் கேள்வி. சுவரின் நடுவே வில்லாளி நின்று அம்பு எய்யும் மாடம் ஒன்று உண்டு. உட்புறம் இரண்டு முழ அகலம், வெளிப்புறம் கை நுழையும் பிளவு, ஆழம் சுவரின் கனம் முழுதும். அப்பால் செங்குத்துப் பாறையும் ஏரியும், பறவையன்றி எதுவும் அணுகாது. உம் கட்டிலின் பலகையையே அம்மாடத்தின் வடிவுக்கு இழைத்து, இடுப்பளவு உயரத்தில் பொருத்தினேன். அதன்கீழ் அவள் பெட்டிகள். ஏறுவதற்குப் படியாக உம் தந்தப் பேழை, ஏதோ ஒரு பயன் அதற்கும் வேண்டுமே. உம் கணக்கன் ஏட்டில் சுவரை அறையென்று எழுதினான். நான் சுவரையே அறையாக்கினேன். தரை முழுதும் மிஞ்சியது. மருதி இப்போது அங்கே பாய் விரித்துக் காலை நீட்டிப் படுக்கிறாள். பகலில் அதே இடத்தில் குழந்தை சோழி ஆடுகிறது.

முதன்முதல் ஏறிப் படுத்தவள், ஒருபக்கம் அகன்று மறுபக்கம் கூராய்ச் சுருங்கும் அம்மாடத்தைத் தடவிப் பார்த்து, இது படகின் முனைபோல் இருக்கிறது என்றாள். காலையில் திரும்பிப் படுத்து முகத்தைப் பிளவில் வைத்து, ஏரியில் போகும் ஓடங்களை எண்ணுகிறாள். இரண்டு வேளையும் உண்கிறாள். பொந்து என்று நீர் எழுதியது இதைத்தான்.

சித்திர மண்டபம் முப்பது முழம், மறுக்கவில்லை. அதற்கு வாயில் நான்கு. ஒரு வாயில் என்று மன்னர் பணித்தபின் நான்கு வாயிலுக்கு மாற்றச் சொல்ல நீர் யார்?

இனி, என் சினத்தின் வேருக்கு வருகிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஐந்து முழக் கட்டில் எதற்கு என்று முன்பே ஆள்விட்டுக் கேட்டேன். அவள் மணப்பருவம் எய்தும்போதும் அதுவே ஆகும் என்று நீர் மறுமொழி தந்தீராம். ஆள் அதை அப்படியே வந்து சொன்னான். விடங்கனாரே, உடன்படிக்கை மூன்றாண்டு. அதை மன்னர் ஏரிக்கரையில் எல்லோர் முன்னும் வாளைத் தொட்டுச் சொன்னார். மணப்பருவம்வரை கட்டில் செய்யச் சொன்னவர் யார்? மன்னர் அறிவாரா? அறியாமல் அரண்மனையில் சிலர் அவளைத் திருப்பி அனுப்பாமல் இருக்க மனத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்களா?

நேற்று அவள் என்னை அழைத்து, இப்போது தரையில் இடமிருப்பதால் தன் தம்பியும் வந்து இருக்கலாமா என்று கேட்டாள். நான் மருதியைப் பார்த்தேன். மருதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தம்பி படகிலே தூங்குகிறான், எழுப்பக்கூடாது என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஆகவே, மன்னரின் கணையாழி என் விரலில் இருக்கும் உரிமையால் உமக்கு ஆணையிடுவதாவது: அறை இப்போது உள்ளபடியே இருக்கும். தூதர் அதையே காண்பார், கதவை நானே திறந்துவிடுவேன். மயில்களையும் விளக்கையும் திரையையும் ஏழு நாளுக்குள் ஆள் அனுப்பி எடுத்துச் செல்க. இவ்வோலையை அவையில், மன்னர் செவிபட, ஒரு சொல்லும் விடாமல் படிப்பிக்க. மறைத்தால் இதன் படி வேறு வழியாக ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது என்று அறிக.

இன்னொன்றையும் அவையில் சேர்த்துச் சொல்லும். அம்மாடத்தின் ஆழம் மூன்று முழம். குழந்தை இப்போது இரண்டரை முழம். என் மக்கள் வளர்ந்த கணக்கில், மூன்றாம் ஆண்டு முடிவில் அவள் தலை ஒருபுறமும் பாதம் மறுபுறமும் கல்லைத் தொடும். மூன்றாண்டுக்கு அளந்து இடம் செய்திருக்கிறேன். நான்காம் ஆண்டுக்கு இக்கோட்டையில் இடமில்லை.

கருங்குன்றத்து வடகோபுரத்தில், குழந்தை விழித்தெழுந்த காலைப்பொழுதில், எழுத்தன் ஆந்தைக் கீரன் எழுதியது. கொற்றன் கணையாழி பதித்தது. நெடுவரை நாட்டின் சொல் நிற்க.