இரைச்சல் நின்ற பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று இந்தத் தடவை நானாக எழுதிக்கொள்ளப் போவதில்லை.

லேப்டாப்பில் உங்களோடு பேசும்போது ஹெட்போனில் ‘ங்ஙொய்’ என்று இரைச்சல் வருகிறது என்றேனே, தீர்ந்துவிட்டது. மூன்று மாதமாக ஹெட்போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறை எலக்ட்ரீஷியன் அண்ணன், “தப்பு அது மேல இல்லம்மா, சார்ஜர்ல” என்று பிளக்கைப் பிடுங்கினார். கப்சிப்.

ஞாயிற்றுக்கிழமை சார்ஜர் இல்லாமல் பேசியபோதுதான் கேட்டது, போனைப் பொத்திக்கொண்டு நீங்கள் இருமியது. இத்தனை நாளும் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தீர்களா?

போனில் கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள், அதனால்தான் கடிதம். டாக்டரிடம் போய்விட்டு, மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். இனிமேல் போனைப் பொத்தாதீர்கள். இங்கே என் அறையில் உங்கள் குரலை விட்டால் வேறு யார் குரல் கேட்கிறது?

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்