கம்ப்யூட்டருக்குள் படகு வாசனை

நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் கம்ப்யூட்டரின் பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து படகு வாசனை வந்தது.

தூசி கிளம்பும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கருகின வயர் வாசனை வந்திருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அதன் வயசு அப்படி. வந்தது கிரீஸ் வாசனை. என்ஜின் வேலை முடித்துவிட்டு நீ வீட்டுக்கு வரும்போது, உனக்கு நாலடி முன்னால் ஒரு வாசனை வாசல் தாண்டி உள்ளே வருமே, அதே வாசனை. சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை நண்டு ஓட்டை உருட்டிக்கொண்டிருந்தது. வேறு யாருமில்லை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கரையில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுதப்போவதில்லை. ஊரில் எல்லோரும் அதை எனக்குச் சொல்லிச் சொல்லி, நான் அங்கே நின்று பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. எழுத வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி.

பொன்னேரியில் மூடிவிட்ட ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து அதை வாங்கி வந்தாய். பஸ்ஸில் மானிட்டருக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டு நீ பழவேற்காடு வரைக்கும் நின்றுகொண்டே வந்ததாக, அதே பஸ்ஸில் வந்த அத்தை ஊரெல்லாம் சொன்னாள். டிக்கெட் எடுத்தியா அதுக்கு என்று கேட்டேன். "பாதி டிக்கெட்டு. கொயந்தைனு சொல்லிட்டேன்" என்றாய். எனக்கு வாய் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் உன்னோடு ஒரு டீ குடித்ததில்லை.

ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறோமே, பாடு, அதை நீ வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தாய். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பேர். ஒரு நாள் என் பாடு, ஒரு நாள் உன் பாடு. உன் பாடு அன்று நான் மவுஸைத் தொட்டால் ஊர்க் கட்டுப்பாடு என்று மிரட்டுவாய். கட்டுப்பாடு உனக்கு, பாடு படறது நானா என்று நான் முறைப்பேன். உன் பாடு நாளில் நீ பார்த்தது ஒன்றே ஒன்றுதான், காற்று வரைபடம். நீலத்திலும் பச்சையிலும் அம்புக்குறிகள் ஓடுமே, அது. ஃபோனிலேயே தெரியுமே என்றதற்கு, "ஃபோன்ல காத்து ரொம்ப சின்னதாக் கீதும்மா" என்றாய்.

அந்தக் காற்றை நான் ஒரு நாள் நிறுத்தி வைத்தேன். திரையைப் படம் பிடித்து அதையே பின்னணியில் ஒட்டிவிட்டு, உண்மையான ஐக்கான்களை மறைத்துவிட்டேன். நீ படத்தைக் கிளிக்கினாய், கிளிக்கினாய், கிளிக்கிக்கொண்டே இருந்தாய். நான் கதவுக்குப் பின்னால் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் சொன்னாய்: "காத்து இன்னிக்கி லீவு. ஆனா கதவு மட்டும் ஆடுது."

உன்னை ஏமாற்றினேன் என்று நான் நினைத்த பாதி நாட்கள் இப்படித்தான் முடிந்தன. மீதி பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த காலத்தில் பட்டனைத் தட்டிவிட்டு நீ குளித்து, தலை துவட்டி, சாப்பிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்டி வாங்கிக் கொடு என்று ஒரு மாதம் உன் காதைத் தின்றேன். பழையதில் உள்ளே தட்டு சுற்றும், முள் தேடும். இதில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை, அதனால்தான் வேகம் என்று விளக்கினேன். பேருக்கு விரிவு கேட்டாய். சும்மா சுத்தாத டப்பா என்றேன். "சுத்தாம வேலை செய்யுதா? அப்போ உனக்கு நேர் எதிரு" என்றாய்.

வாங்கி வந்தபோது அது உன் உள்ளங்கைக்குள் அடங்கிப்போனது. நான் ஃபோனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். நீ டார்ச் பிடித்தாய். கழற்றின ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் வாங்கிக் கிண்ணத்தில் போட்டு, இது எந்த ஓட்டைக்கு என்று என்னையே கேட்டாய். கரண்டு கொடுத்ததும் சத்தமாக எண்ணத் தொடங்கினாய். இருபதுக்குள் திரை வந்துவிட்டது. "இன்னா இது, குந்தறதுக்குள்ள வந்துடுச்சு" என்று நாற்காலியை ஒரு மாதிரி பார்த்தாய், அது ஏதோ தப்பு பண்ணிவிட்டது போல.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். நம் ஊரில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஜன்னல் கம்பி ஏடு ஏடாக உரிகிறது, சைக்கிள் செயின் மூன்று மாதம் தாங்குவதில்லை, தாழ்ப்பாளைத் தொட்டால் கையில் வருகிறது. உப்புக் காற்று இதைத் தின்னாதா என்று கேட்டாய்.

தின்னும் என்றேன். அது உண்மை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"படகு பேட்டரிக்கு கிரீஸ் பூசறோம். இதுக்கு இன்னா பூசறது?"

"அதே கிரீஸ்தான் நைனா. வயரு மாட்ற எடத்துல எல்லாம், வறுக்கிற மீனுக்கு மசாலா தடவற மாதிரி தாராளமாத் தடவு."

முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் சொன்னேன். நீயும் தலையை ஆட்டினாய், மூடியைப் போட்டேன், மறந்துவிட்டேன். ஒரு நாளைக்கு அந்த மாதிரி இருபது சொல்கிறவள் நான். எதை நினைவில் வைத்துக்கொள்வது?

சில வாரம் டப்பா பறந்தது. பிறகு கம்ப்யூட்டர் தள்ளாடத் தொடங்கியது. ஒரு ஃபைலைத் திறந்தால் நடுவில் அப்படியே உறைந்து நிற்கும், பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு இடைவெளி விட்டு நகரும். சும்மா சுத்தாத டப்பா சோம்பிச் சாயுற டப்பா ஆகிவிட்டது. இடம் நிறைந்துபோயிருக்கும் என்று படங்களை எல்லாம் அழித்தேன். வேகம் வரவில்லை. பின்னால் ஓடுகிற வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினேன். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது முதலில் ஓடுகிற பயாஸுக்குள் போய்ப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கான முறையில் ஓடுகிறதா என்று பார்த்தேன். இல்லை, சரியாகத்தான் இருந்தது. விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். டிஸ்க்கே டூப்ளிகேட் என்று முடிவு கட்டினேன். சந்தேகப்படாமல் விட்டது ஒன்றைத்தான், வயர் மாட்டின இடத்தை. அதை மாட்டினது நானாயிற்றே. நான் மாட்டினது எப்படித் தப்பாக இருக்கும்?

அந்த நாட்களில் நீ மூன்று முறை வந்து கேட்டாய். ஏரியிலிருந்து வந்ததும், கை கழுவுவதற்கு முன்னாலேயே, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "இப்போ நல்லா ஓடுதா?" என்று. ஒரு முறை நத்தைக்கு நன்றி சொல்லிக்கொண்டு ஓடுகிறது என்றேன். ஒரு முறை கருவாடு நீந்துகிற வேகத்தில் என்றேன். மூன்றாவது முறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "நீ வேற போ நைனா" என்றேன். நீ கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாய். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. உன் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் நீ இல்லை. கம்ப்யூட்டரின் மேல் அம்மா உன் லுங்கியை மடித்துப் போட்டு மூடி வைத்தாள். ஏழு மாதம் இரண்டு பாடும் சும்மா கிடந்தன.

இந்த மாதம் பள்ளி புராஜெக்டுக்காக அதைத் திறந்தேன். முன்னைவிட மோசம். டிஸ்க்கின் உடம்பைப் பார்க்கிற ஒரு புரோகிராமைப் போட்டேன். டிஸ்க் கல்லு மாதிரி நன்றாக இருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில், வழியில் தவறிப்போகிற தகவல்களின் எண்ணிக்கை. இரண்டு பக்கமும் சரி, நடுவில் போகிற பாதைதான் கெட்டிருக்கிறது. வயர்.

அதனால்தான் மூடியைக் கழற்றினேன். வயர் முனையைப் பிடுங்கினால் பழுப்பாக, கெட்டியாக, நூல் இழுத்துக்கொண்டு வந்தது. டிஸ்க்கின் தங்க நிறப் பற்கள் வரிசையாக கிரீஸில் மூழ்கியிருந்தன. போர்டு பக்க முனையிலும் அதேதான். யாரும் உபயோகிக்காத சிடி டிரைவின் வயரைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. கிரீஸோடு நம் ஊர் நைஸ் மணலும் சேர்ந்து களியாகியிருந்தது. ரேகை ஏதாவது பதிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கிரீஸில் ரேகை நிற்பதில்லை, நைனா. வழிந்து மூடிக்கொண்டுவிடுகிறது.

நீ மூன்று முறை கேட்டது எனக்கு அங்கே புரிந்தது. மருந்து போட்டவன் புண் ஆறிற்றா என்று கேட்டிருக்கிறாய். நான் நத்தை, கருவாடு என்று பதில் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னதை நம்பினாய், நம்பினதால் கெட்டது, கெட்டதற்கு உன்னிடமே கேலி. என்னை நம்பின ஒரு முட்டாளாக உன்னை நான் அனுப்பி வைத்துவிட்டேனா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க வேண்டிய ஆளும் நீதான்.

அம்மா வெளியே இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நைனா இதைத் தொட்டாரா என்று வயரைக் காட்டிக் கேட்டேன். அம்மா வயரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நீ இஸ்கூலுக்குப் போயிருந்த. டப்பாவைத் தொறந்து வெச்சிக்கினு மத்தியானம் பூரா குந்திக்கினு இருந்தாரு. ஒவ்வொரு வயரையும் புடுங்கி, பூசி, அதே எடத்துல சொருவுனாரு. நெத்தியெல்லாம் வேர்வ. எஞ்சினு பிரிக்கிறப்பகூட அப்படி வேர்த்து நான் பாத்ததில்ல."

நம்பிட்டாரா என்று கேட்டேன்.

"நம்பறதாவது. பொண்ணு கலாய்க்குது, நீ போயி அத நோண்டாதய்யானு நானே சொன்னேன். 'எனக்குத் தெரியாதா? அது நூறு சொன்னா தொண்ணூத்தொம்போது சும்மாதான். மிச்சம் ஒண்ணு இதுவா இருந்துட்டா இன்னா பண்றது? உப்பு தின்னுட்டுப் போச்சுன்னா அழும்'னாரு."

அம்மா அடுத்த இறாலை எடுத்தாள். "உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. சொன்னா சிரிப்பியாம்."

நான் சிரிக்கவில்லை, நைனா. கம்ப்யூட்டர் பக்கம் போய் அந்த வயரைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். துடைத்தால் வேகம் வந்துவிடும். துடைத்தால் நீ இந்த வீட்டுக்குள் எனக்காகச் செய்த ஒரு வேலை பஞ்சோடு போய்விடும். இப்படியே மூடிப் போட்டுவிடலாம், புராஜெக்டைப் பள்ளியிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் உனக்கு வேண்டியிருந்தது கிரீஸ் நிற்பது அல்ல. டப்பா ஓட வேண்டும், நான் அழக்கூடாது. இரண்டில் ஒன்றையாவது செய்து வைக்கலாம் என்று எழுந்தேன்.

ஊசி போடுவதற்கு முன் தடவும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். ஆறு பஞ்சு கறுத்தது. வயரின் ஓட்டைக்குள் போன கிரீஸ் வரவே இல்லை. மறுநாள் பள்ளி விட்டு வரும்போது பழவேற்காடு பஜாரில் செல்போன் ரிப்பேர் கடையில் புது வயர் வாங்கினேன். பழையதற்கு என்ன ஆச்சு என்று கடைக்கார அண்ணன் கேட்டார். எங்க வீட்ல கம்ப்யூட்டரு கடலுக்குப் போவும்ண்ணா என்றேன். அவர் சிரித்தார். மாட்டிப் பார்த்தேன். தவறுகிற எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நின்றது. ஃபைல்கள் தொட்டதும் திறந்தன. மூடியைப் போடும்போதுதான் ஃபேன் கண்ணில் பட்டது. அதன் நடுக் குமிழிலும் ஒரு பொட்டு கிரீஸ். அந்த ஃபேன் முன்பெல்லாம் எலிக்குஞ்சு மாதிரிக் கத்தும். அது அடங்கிப்போனது எஸ்எஸ்டி போட்டதால்தான் என்று நான் வகுப்பெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அதை மட்டும் தொடவில்லை. அது சரியான வைத்தியம்.

நேற்று ஒன்று நடந்தது. பள்ளியில் என்னோடு படிக்கிற ஒருத்தியின் ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டாள். கருவாட்டுச் சட்டிக்குள் மூணு நாள் பொதைச்சி வை, ஈரத்தை உறிஞ்சிடும் என்றேன், முகத்தில் கோடு அசையாமல். சரி என்று பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். நான் நாலு பேரோடு சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூட எடுக்காமல் ஓடினேன். பஸ் கிளம்புவதற்குள் ஜன்னலைத் தட்டி, அது சும்மா சொன்னதுடி, செய்யாத, ஆஃப் பண்ணிட்டுக் கடையில குடு என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

தெரியுமே, அதுக்கு ஏன்டி இப்படி ஓடி வர்ற என்று கேட்டாள்.

இனிமேல் நான் இப்படித்தான் போலிருக்கிறது. வாய் நிற்காது, அது உன் வாய். ஆனால் சொல்லி முடித்ததும், கேட்டவர் கை எதை எடுக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உன்னிடமும் நீ கிரீஸ் பூசின அன்றைக்குப் பள்ளி வாசலிலிருந்து திரும்பி ஓடிவந்து, நைனா, அது சும்மா என்று சொல்லியிருக்கலாம். தெரியும்மா, நீ போய்ப் படி என்று அனுப்பியிருப்பாய். நான் தெருமுனை தாண்டும் வரை பார்த்திருந்துவிட்டு, கிரீஸ் டப்பாவை எடுத்திருப்பாய்.