டாம்சனும் என் இருமலும்

மார்ச் 6, ஞாயிறு

மழை. எங்கள் மட்டக்குதிரை டாம்சன் மறுபடியும் வேலிக்கு அடியில் புகுந்து பாதிரியாரின் முட்டைக்கோஸைத் தின்றுவிட்டாள். அவ்வளவு பெரிய வயிறு அந்தச் சந்துக்குள் எப்படி நுழைந்தது என்பது பாதிரியாருக்கே விளங்காத அதிசயம். போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேரியன், அவளாவது ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் வர்றா" என்றார். சர்ச் பக்கமே போகாத எனக்குத்தான் அந்தக் குத்தல்.

ட்ரெவருக்குக் கவலையே இல்லை. "வண்டியில பூட்டிட்டா அடங்கிடுவா." பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதே பாட்டு. மற்றவர்களின் புருஷன்கள் ஓய்வு பெற்றால் தக்காளி வளர்க்கிறார்கள். என் புருஷன் மலையிலிருந்து இந்தக் கறுப்பு மட்டக்குதிரையையும், யாரோ கழித்துக் கட்டிய வண்டியையும் வாங்கி வந்திருக்கிறான்.

குளிர்காலம் முழுக்கப் பழக்கினோம். நீளக் கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு ட்ரெவர் அவளுக்குப் பின்னால் நடப்பான். நான் அவள் தலைக்குப் பக்கத்தில். அந்தக் குளிரில் வேறு என்ன செய்வது? பேசிக்கொண்டே நடப்பேன். மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிடாதது, பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்குப் பின் வந்தவள் உருளைக்கிழங்கைக் குழைய விடுவது, எல்லாம் டாம்சனுக்குத் தெரியும். காதைத் திருப்பித் திருப்பிக் கேட்பாள். இந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்க ஒருத்தி வந்திருக்கிறாள். முட்டைக்கோஸ் போனால் போகிறது.

மார்ச் 20

முதல் முறை வண்டியில் பூட்டினோம். ட்ரெவர் வட்டத் தொப்பி, முழங்காலைச் சுற்றிப் பழுப்புப் போர்வை, கையுறை, சாட்டை. சாவு வீட்டுக்குப் புறப்பட்டவன் மாதிரி முகம். நான் பின் இருக்கையில். பின்னால் உட்காருகிறவரின் வேலை, எது தப்பாகப் போனாலும் குதித்து ஓடிக் குதிரையின் தலையைப் பிடிப்பது. அறுபத்தோரு வயதில், இந்த முட்டியோடு.

"நட கண்ணு" என்றேன். நடந்தாள். கல்குவாரி வரை போய்த் திரும்பினோம். ஒரு ட்ராக்டர், இரண்டு நாய், கொடியில் படபடத்த ஒரு படுக்கை விரிப்பு, எதற்கும் மிரளவில்லை. "ஒண்ணுமில்லடி, அது விரிப்பு" என்று நான் சொன்னதும் மூச்சை விட்டுவிட்டுப் போனாள்.

"பாத்தியா?" என்றான் ட்ரெவர். "கை. எல்லாம் கையிலதான் இருக்கு."

மார்ச் 27, ஈஸ்டர்

கை, கை, கை. முட்டை உடைக்கும்போதுகூடக் கையைப் பற்றியே பேசுகிறான்.

ஏப்ரல் 10

ஊருக்குள் ஓட்டினோம். இது நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். ட்ரெவர் ஆயுள் முழுக்கக் கார் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தியவன். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேரைத் தோற்கடித்திருக்கிறான். தேர்வின்போது "அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் திரும்பவும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

கறிக்கடை கீத் நான்கு முறை தோற்றவர். தொத்திறைச்சிச் சுருளைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்துவிட்டார்.

"ட்ரெவர், கண்ணாடி பாக்கலையே."

ட்ரெவர் நேரே பார்த்தான்.

"திரும்பறப்ப கை காட்டலையே. பெரிய பிழையில்லையா அது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ட்ரெவரின் கழுத்து சிவந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

நானும் மூன்று முறை தோற்றவள்தான். ட்ரெவரிடம் இல்லை, வேறு ஊரில், வேறு ஆட்களிடம். மூன்று பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: பேச்சில் கவனம் போய்விடுகிறது. அதன்பிறகு பஸ்தான். எனக்குக் கற்றுக்கொடு என்று ட்ரெவரை ஒருமுறை கேட்டேன். "ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வரமாட்டேன்" என்றான். அதோடு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 24

மானம் போன நாள்.

ஜூன் மாதக் குதிரைவண்டிப் போட்டிக்குப் பயிற்சி, சில்வியா அம்மாளின் மைதானத்தில். குதிரைவண்டிச் சங்கத்துக்கே அவர்தான் வாத்தியார். முதல் சுற்று நடைச் சோதனை: குறித்த இடத்தில் நடக்க வேண்டும், குறித்த இடத்தில் ஓட வேண்டும், நடுவில் சிலைபோல நிற்க வேண்டும். அப்போதுதான் சில்வியா விதியைச் சொன்னார்.

"பின்னால இருக்கறவங்க வாயத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் புள்ளி போயிடும். முடியுமா மேரியன்?"

"ஏன் முடியாது?" என்றேன்.

முடிந்தது. டாம்சனுக்குத்தான் முடியவில்லை. இரண்டு காதையும் என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். ட்ரெவர் வாரை அசைத்தான். சாட்டையால் தொட்டான். அவள் பெருமூச்சு விட்டு, எல்லைப் பலகையைத் தாண்டி, அழகுக்கு வைத்திருந்த ஜெரேனியம் தொட்டிக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். இறங்கினாலும் புள்ளி போகுமே என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தொட்டியில்தான் சில்வியா வந்து தலையைப் பிடித்தார்.

ஏப்ரல் 25

காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு பத்திரிகை விரிந்து கிடக்கிறது. படத்தில் சாம்பல் நிற வெளிநாட்டுக் குதிரை, நீளக் கால், நெடுங்கழுத்து, என்னைப் பார்த்தே முகம் சுளிக்கிறது.

"ஜூன்ல ஒரு வாய்ப்புத் தரேன்" என்றான் ட்ரெவர். "அந்தச் சோதனையை ஒழுங்கா முடிக்கலேன்னா அக்டோபர் சந்தையில வித்துடலாம். அவளுக்கு மூளை இல்ல மேரியன்."

மூளை இல்லையாம். பாத்திரத்தை எல்லாம் சத்தமாகக் கழுவினேன்.

ஏப்ரல் 27

ட்ரெவர் பல் டாக்டரிடம் போயிருந்தான். டாம்சனுக்கு நீள வாரை மாட்டிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு வாரை மட்டும் அசைத்தேன். நின்றாள். வாரைத் தொங்கவிட்டு "நட கண்ணு" என்றேன். நடந்தாள். "ஓடு" — ஓடினாள். "நில்" — நின்றாள்.

கையும் இல்லை, காலும் இல்லை. என் வாய்.

குளிர்காலம் முழுக்க வார் ஒரு பக்கம் ஆட, நான் ஒரு பக்கம் பேச, அவள் எதைக் கற்றுக்கொண்டிருப்பாள்? வார் என்பது முதுகில் விழும் மழை மாதிரி ஏதோ ஒன்று. மேரியன் சொல்வதுதான் வேலை.

ட்ரெவரிடம் சொல்லலாமா? சொன்னால் நம்பமாட்டான். நம்பிவிட்டால் இன்னும் மோசம். மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தே ஆயுளைக் கழித்தவன், இப்போது தானே ஓட்டுகிறேன் என்று சந்தோஷமாக இருக்கிறான். அதை எப்படி உடைப்பது? ஆனால் டாம்சன் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவேன்?

பேசக்கூடாது என்றுதானே விதி. இருமக்கூடாது என்று இல்லையே.

மே 3

ஒரு இருமல்: ஓடு. தொண்டையைக் கனைத்தால்: நில். ஒரு மூக்குறிஞ்சல்: நட. சட்டைப்பை நிறையக் கேரட். மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். மூளை இல்லையாம்!

மே 15

பயிற்சியில் அற்புதமாகப் போனாள். ட்ரெவர் பூரித்துப்போனான். "வாரை லேசா ஒரு விரலால சொன்னேன், உடனே கேட்டுது." நான் டாம்சனுக்கு இன்னொரு கேரட் கொடுத்தேன்.

சில்வியா தனியாகக் கூப்பிட்டார். "மேரியன், அந்த இருமலுக்கு டாக்டரைப் பாத்தீங்களா?"

மே 16

ட்ரெவர் மருந்து வாங்கி வந்திருக்கிறான். கறுப்பாக, தார் மாதிரி. பக்கத்தில் நின்று ஊற்றிக் கொடுக்கிறான், நான் விழுங்கும் வரை நகரமாட்டேன் என்கிறான். முப்பத்தைந்து வருஷத்தில் என்னை இவ்வளவு அக்கறையாகக் கவனித்ததில்லை. விழுங்கினேன். எனக்கு வேண்டியதுதான்.

ஜூன் 18, சனி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கோட்டை மைதானம், நல்ல வெயில், பக்கத்து வயலில் அன்றுதான் புல் அறுத்திருந்தார்கள். வேலி ஓரமாக ட்ரெவரிடம் தோற்ற கூட்டம் முழுவதும் வரிசையாக. கீத் மடக்கு நாற்காலியே கொண்டு வந்திருந்தார்.

சேணம் கண்ணாடி மாதிரி இருந்தது. டாம்சனின் கால் மயிரையெல்லாம் ஷாம்பு போட்டுச் சீவியிருந்தேன். உள்ளே நுழைந்தோம். நான் மூக்கை உறிஞ்சினேன், நடந்தாள். இருமினேன், ஓடினாள். வட்டம் முட்டை வடிவமாக வந்தது, ஆனாலும் வட்டம்தான். ட்ரெவரின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. நடுவில் கனைத்தேன். சிலை மாதிரி நின்றாள்.

அப்போது நடுவர் இருமினார்.

நடுவர் அம்மாள் கோடியில் தன் காருக்குள் உட்கார்ந்திருந்தார். புல் தூசி அவருக்கு ஆகாதாம். பிறகுதான் தெரிந்தது. ஒரு இருமல். டாம்சன் சிலை நிலையிலிருந்து நேராக ஓட ஆரம்பித்தாள். ட்ரெவர் வாரை இழுத்தான். நான் கனைத்தேன், நின்றாள். நடுவர் மறுபடி இருமினார், ஓடினாள். நான் கனைத்தேன். அவர் இருமினார். அவரே கனைத்தார். இப்படியாக நாங்கள் மூவரும், தொடர்வண்டி கிளம்பி நின்று கிளம்பி நிற்பதுபோல, மைதானத்தின் குறுக்கே அவருடைய காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ட்ரெவரின் தொப்பி எங்கே விழுந்தது என்று தெரியாது.

காருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நின்றதற்குக் கேரட் வேண்டும் அல்லவா? தலையை ஜன்னலுக்குள் விட்டு நடுவரின் மடியில் தேடினாள். கேரட் இல்லை, முட்டை சாண்ட்விச் இருந்தது. நடுவர் இருமிக்கொண்டே மணியை அடித்தார். மணி அடித்தால் போட்டியிலிருந்து நீக்கம்.

வேலி ஓரத்திலிருந்து கீத்தின் குரல்: "நிறுத்தின இடம் சரியில்ல, ட்ரெவர்."

ஜூன் 19

இன்று காலை நானே ட்ரெவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இருமல், கனைப்பு, கேரட், எல்லாம்.

"அப்ப கை?" என்றான்.

"இல்ல ட்ரெவர்."

"ஒரு நாள்கூட?"

தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். மருந்துப் புட்டி ஜன்னல் மேடையில் பாதி மிச்சம். அதைப் பார்த்து அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை. டாம்சனை விற்றுவிடுவான். நானே விற்றதுபோல ஆகிவிட்டது.

ஜூன் 30

சந்தைக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி எப்போது என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 9

காலையில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ட்ரெவர் புல்வெளியில், வார் பிடித்து, டாம்சனுக்குப் பின்னால். உதடு அசைகிறது. கதவை மெல்லத் திறந்து காதைக் கொடுத்தேன்.

"அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் திரும்பவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "வசதியான இடத்தில் ஓரமாக நிறுத்தவும்."

டாம்சன் புல் தின்றுகொண்டிருந்தாள். அவன் மறுபடி சொன்னான், அதே மரியாதையோடு.

சிரித்துவிடுவேனோ என்றுதான் வாயைப் பொத்தினேன். சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷனுக்குத் தெரிந்த பேச்சு இவ்வளவுதான். அதையும் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துப் பார்க்கிறான்.

ஜூலை 17

ஒரு வாரம் தினமும் சொல்லிப் பார்த்தான். இன்று வாரைக் கொண்டுவந்து மேசைமேல், வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீ ஓட்டு."

"எனக்கு லைசென்சே இல்ல."

"குதிரைக்கு எதுக்கு லைசென்ஸ்? எனக்கு இவளை ஓட்ட வராது மேரியன். வாழ்க்கை பூரா பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான். எனக்குப் பாக்கத்தான் வரும்." வெண்ணெயைத் தள்ளி வைத்துவிட்டு, "பின்னால உக்காந்து பேசாம இருக்கணும்னா, இந்த ஜில்லாவுலயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது" என்றான்.

உண்மைதான்.

"அப்ப சந்தை?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? முதல்ல ஓட்டு."

ஆகஸ்ட் 14

வாசல் தூணில் உரசல் நான்கு. பாதிரியாரின் ரோஜாச் செடி ஒன்று. என் கை மோசம். வாய் நன்றாக இருக்கிறது, ஆனால் வாயால் சக்கரத்தை ஒதுக்க முடியாது. "ஏதாவது சொல்லேன்" என்று திரும்பிக் கத்தினேன். "விதி" என்றான் ட்ரெவர்.

செப்டம்பர் 17, சனி

மறுபடியும் போட்டி, ஆறு வண்டியில் ஐந்தாவது. ஓட்டுகிறவள் பேசலாம். ஆரம்பம் முதல் கடைசி வரை பேசினேன். நடுவில் மகன் கூப்பிட்ட செய்தியைக்கூட டாம்சனுக்குச் சொன்னேன், சிலை நிலையில் அவளுக்கு அலுப்புத் தட்டக்கூடாதே. அதே நடுவர் அம்மாள். கார்க் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ட்ரெவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். சந்தைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

அக்டோபர் 15, சனி

சந்தை நாள். காலையிலேயே விழித்துவிட்டேன். ட்ரெவர் டாம்சனைத் தேய்த்துச் சேணம் மாட்டியிருந்தான். ஆனால் அவளை ஏற்றிப்போக வேண்டிய லாரி கொட்டகையிலேயே நின்றது.

"ஒரு சுத்துப் போகலாம்" என்று பின்னால் ஏறிக்கொண்டான்.

வாசலைத் தாண்டியதும் வாயைத் திறந்தான். அவனுடைய ஆபீஸ் குரல். "சாலையின் முடிவில் வலது பக்கம் திரும்பவும்." திரும்பினேன். தபால் நிலையம், பள்ளிக்கூடம், பாலம். பாலத்துக்கு வந்தபோதுதான் புரிந்தது. இது அவனுடைய பழைய பாதை. இத்தனை வருஷமும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போன தேர்வுப் பாதை. "என்னை விட்டுடாதடி" என்று டாம்சனிடம் சொன்னேன்.

கறிக்கடை முன்னால் அவன் திடீரென்று பலகையில் ஓங்கித் தட்டினான், அவசரமாக நிறுத்தும் சோதனை. "நில்" என்றேன். சக்கரம் அரை அடிகூட நகரவில்லை. கீத் கத்தியும் கையுமாக வெளியே வந்து பார்த்தார். குறை எதுவும் கிடைக்காமல் கடைக்குள்ளேயே திரும்பிப் போனார்.

வீட்டு வாசலில் தூணில் உரசாமல் நிறுத்தினேன். ட்ரெவர் இறங்கி முன்னால் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"மிஸஸ் பிர்கெட், தேர்வு முடிஞ்சுது. நீங்க தேறிட்டீங்க."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இருமினேன்.

டாம்சன் ஓட ஆரம்பித்தாள். ட்ரெவர் பின்னால் கத்திக்கொண்டே ஓடி வந்தான். பாதிரியார் வீட்டு வாசல் வரை போய்த்தான் நிறுத்த முடிந்தது. அங்கே முட்டைக்கோஸ் நன்றாக விளைந்திருக்கிறது.